எடைக்குப் போகாத லாரி

முதல்ல ஒரு வாக்குமூலம். நான் படிக்கிறது பி.காம். டெபிட், கிரெடிட் தவிர வேற எதையும் கையால தொட்டு உருப்படியா ஒரு வேலை செஞ்சது கிடையாது. எங்க வீட்ல ஃபியூஸ் போனாக்கூட அம்மாதான் ஸ்டூல் போட்டு ஏறுவாங்க. அப்பேர்ப்பட்ட நான், கடந்த ஒன்றரை வருஷமா சனிக்கிழமை ஆனா போதும், ஓட்டை பேண்ட் ஒண்ணை மாட்டிக்கிட்டு, மெல்பர்னுக்கு மேற்கே ஒரு தகரக் கொட்டகைக்குள்ள போய், 1965ம் வருஷத்து லாரிக்கு அடியில படுத்துக் கிடக்கேன். சம்பளம் என்னன்னு கேக்குறீங்களா? ரெண்டு கப் டீ, நாலு பிஸ்கட்.

"உனக்கு என்னடா ஆச்சு?"ன்னு கூடப் படிக்கிற பசங்க கேட்டுக் கேட்டு ஓஞ்சு போயிட்டாங்க. எல்லாருக்கும் சேர்த்து இதுதான் பதில். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க :)

ஊர் பேர் பாக்கஸ் மார்ஷ். மெல்பர்ன்ல ரயில் ஏறினா ஒரு மணி நேரத்துக்குள்ள போயிரலாம். ஆப்பிள், செர்ரி தோட்டமெல்லாம் இருக்கிற ஊர். முதல் உலகப் போருக்குப் போன உள்ளூர்க்காரங்க நினைவா 1918ல நட்ட எல்ம் மரங்கள் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பந்தல் போட்ட மாதிரி நிக்கும். அந்த ரோட்டோரப் பழக்கடை ஒண்ணுலதான் எனக்கு பார்ட் டைம் வேலை.

வாராவாரம் ஆப்பிள் வாங்க ஒரு பெரியவர் வருவார். எண்பதைத் தாண்டின வயசு. பேரைப் போட்டா அவருக்குப் பிடிக்காது, அதனால இங்க அவர் பெரியவர்தான். ஒருநாள் சில்லறை எடுக்கும்போது கை ரொம்ப நடுங்குச்சு. நானே எண்ணி எடுத்துக்கிட்டேன். எந்த ஊர்னு கேட்டார். நாமக்கல்னு சொன்னா அவருக்கு என்ன புரியப் போகுது? "லாரிக்கு பாடி கட்டுற ஊர்"னு சொல்லி வெச்சேன். மனுஷனுக்குக் கண்ணு அப்படியே விரிஞ்சிருச்சு. "எங்கிட்ட ஒரு லாரி இருக்கு, வந்து பாக்குறியா?"

நாமக்கல்காரன்னா முட்டையும் லாரியும் ரத்தத்துலயே ஓடும்னு நினைச்சுட்டார் போல. எனக்கு முட்டையில ஆம்லெட் மட்டும்தான் தெரியும், லாரியில அதுவும் தெரியாதுன்னு சொல்ல வாய் வரலை. அந்த சனிக்கிழமையே போயிட்டேன்.

கொட்டகைக்குள்ள நின்னது ஒரு பெட்ஃபோர்ட் ஜே6. முன்னாடி மூக்கு நீட்டின வண்டி. பெட்ஃபோர்ட் இங்கிலாந்துக் கம்பெனி. ஆஸ்திரேலியாவுல அதை வித்தது ஜி.எம். ஹோல்டன். நம்ம நாட்ல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் பெட்ஃபோர்ட் லாரி செஞ்சாங்க, வீட்ல தாத்தா இருந்தா கேட்டுப் பாருங்க. பாகிஸ்தான்ல பூவும் மயிலும் வரைஞ்சு, மணி கட்டி ஓட்டுற லாரிகள் போட்டோ பார்த்திருப்பீங்களே, அதுல நிறைய இதே குடும்பத்து வண்டிதான். ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின், 330 கன அங்குலம், அதாவது சுமார் 5.4 லிட்டர்.

பெரியவர் விம்மெராங்கிற கோதுமை பூமியில விவசாயம் பார்த்தவர். அவங்க அப்பாவும் அவரும் சேர்ந்து இந்த வண்டியைப் புதுசா வாங்கியிருக்காங்க. வயல்ல அறுத்த கோதுமையை ரயிலடி சைலோவுக்குக் கொண்டு போய்க் கொட்டுறது மட்டும்தான் அதுக்கு வேலை. வருஷத்துல ஆறேழு வாரம். மீதி நாள் பூரா ஷெட்டுல ஓய்வு. ஆஸ்திரேலியாவுல பழைய லாரி இவ்வளவு மிஞ்சி இருக்கிறதுக்கு இதுதான் பெரிய காரணம். உள்நாட்டுல காத்து ரொம்பக் காய்ஞ்ச காத்து, இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்காது. இடத்துக்குப் பஞ்சமில்லை. வண்டி பழசானா ஒரு மரத்தடியில நிறுத்திட்டு மறந்துருவாங்க. இந்த வண்டியும் அப்படித்தான் இருபது வருஷத்துக்கு மேல ஒரு மரத்தடியில நின்னுருக்கு. நிலத்தை வித்துட்டு இந்த ஊருக்குக் குடி வந்தப்போ, கட்டில் பீரோவோட இதையும் இன்னொரு லாரி மேல ஏத்திக் கொண்டு வந்துட்டார்.

கைப்பெட்டிக்குள்ள ஒரு கவர் இருந்துச்சு. வண்டி வாங்கின ரசீது பவுண்டுல, கடன் கட்டின ரசீது டாலர்ல! எனக்கு முதல்ல புரியலை. அப்புறம்தான் உறைச்சுது. ஆஸ்திரேலியா டாலருக்கு மாறினது 1966 பிப்ரவரி 14. ஒரு பவுண்டுக்கு ரெண்டு டாலர். தவணை கட்டி முடிக்கிறதுக்குள்ள நாட்டோட காசே மாறிப்போச்சு. ஸ்பீடோமீட்டர் இன்னும் மைல்லதான் இருக்கு. ரோட்டுப் பலகையெல்லாம் கிலோமீட்டருக்கு மாறினது 1974 ஜூலையில. கணக்குப் பாடம் படிக்கிறவனை மடக்க இது போதாதா? அன்னிக்கே விழுந்துட்டேன்.

இன்னொண்ணும் சொல்லணும். பிசினஸ் லா வகுப்புல 1954ம் வருஷத்து ஹியூஸ் அண்டு வேல் வழக்குன்னு ஒண்ணு படிச்சோம். அதுவரைக்கும் மாநில அரசுகள் ரயில்வே வருமானத்தைக் காப்பாத்த லாரிக்காரங்களுக்கு லைசென்ஸ், கட்டணம்னு கட்டை போட்டுக்கிட்டு இருந்தாங்க. மாநிலங்களுக்கு நடுவுல வியாபாரம் தடையில்லாம நடக்கணும்னு அரசியல் சட்டத்தோட 92வது பிரிவு சொல்லுது, அதனால இந்தக் கட்டை செல்லாதுன்னு லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பு குடுத்துச்சு. அதுக்கப்புறம்தான் நெடுந்தூர லாரித் தொழில் பிச்சுக்கிட்டுக் கிளம்புச்சு. உடனே மாநிலங்கள் டன்னுக்கும் மைலுக்கும் கணக்குப் போட்டு ரோடு வரி போட்டாங்க. 1979 ஏப்ரல்ல சிட்னிக்குத் தெற்கே ரேசர்பேக் மலையில லாரிக்காரங்க ஹியூம் நெடுஞ்சாலையையே மறிச்சு நின்னப்புறம்தான் அந்த வரி ஒழிஞ்சுது. பரீட்சைக்கு இதை நான் மனப்பாடம் பண்ணேன். கொட்டகைக்கு டீ குடிக்க வர்ற ரெண்டு மூணு கிழவர்கள் இதை ஏதோ பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி பேசுவாங்க. எது ஞாபகம் இருக்குன்னு நீங்களே சொல்லுங்க.

சரி, வேலைக்கு வருவோம். பழைய லாரியைச் சரி பண்றதுன்னா பெயிண்ட் அடிச்சு பளபளன்னு நிறுத்துறதுன்னு நினைச்சேன். முதல் மூணு மாசம் பெயிண்ட் டப்பாவையே பார்க்கலை. கழட்டுறது, கழட்டினதுக்குச் சீட்டுக் கட்டுறது, போட்டோ எடுக்கிறது, இதேதான். ஒரு நட்டு அசையலைன்னா முரட்டுத்தனமா திருகக் கூடாது. எண்ணெய் விட்டு ஒரு வாரம் விடணும், சூடு காட்டணும், முன்னாடி பின்னாடின்னு கொஞ்சம் கொஞ்சமா ஆட்டணும். போல்ட் எல்லாம் அங்குல அளவு. என்கிட்ட இருந்த மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு ரெண்டு போல்ட்டோட தலையை மொட்டையடிச்சேன். பெரியவர் ஒண்ணும் சொல்லலை. அந்த ரெண்டையும் எடுத்து ஜன்னல்ல வெச்சுட்டார். இன்னும் அங்கதான் இருக்கு :(

பிரேக் டிரம்மைக் கழட்டினப்போ நான் பாட்டுக்குக் காத்தடிக்கிற பைப்பை எடுத்தேன். நம்ம ஊர் பட்டறையில அப்படித்தானே தூசியை ஊதுவாங்க? பெரியவர் பாஞ்சு வந்து பிடுங்கினார். பழைய பிரேக் லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனா முப்பது நாப்பது வருஷம் கழிச்சுக்கூட ஆளைக் கொல்லும். ஆஸ்திரேலியா அதை 2003 கடைசி நாளோட முழுசா தடை பண்ணிருச்சு. முகமூடி போட்டு, ஈரத்துணியால துடைச்சு, துணியைப் பையில போட்டு மூடி, அதுக்குன்னு இருக்கிற குப்பைக் கிடங்குக்குத்தான் அனுப்பணும். அப்பாவோட பட்டறை நண்பர்கள் எத்தனை பேர் இருமிக்கிட்டே இருப்பாங்கன்னு அன்னிக்கு ராத்திரி யோசிச்சுக்கிட்டே இருந்தேன்.

இன்னொரு எமன் சக்கரத்துல இருக்கான். பழைய லாரி ரிம்ல டயரைப் பிடிச்சு நிறுத்துறது ஒரு லாக் ரிங். அது சரியா உக்காராம காத்தடிச்சா துப்பாக்கிக் குண்டு மாதிரி தெறிக்கும். அதுக்காகவே சக்கரத்தை ஒரு இரும்புக் கூண்டுக்குள்ள வெச்சு, தள்ளி நின்னு காத்தடிப்பாங்க. அந்த வேலையை மட்டும் நாங்க டயர் கடையில குடுத்துட்டோம். பிரேக் சிலிண்டர்களை ஒரு பட்டறையில குடுத்து உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் அடிச்சு வாங்கினோம். ஒரு பக்கத்து ஹெட்லைட் வளையமும் கதவு கைப்பிடியும் கிடைக்கவே இல்லை. பெண்டிகோ ஊர்ல நடக்கிற பழைய பாகச் சந்தைக்குப் போய் ஒருநாள் பூரா அலைஞ்சோம். சென்னை புதுப்பேட்டையைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு பெரிய மைதானத்துல பரப்பி வெச்சா எப்படி இருக்கும், அப்படி. கைப்பிடி கிடைச்சுது. வளையம் இன்னும் கிடைக்கலை.

வண்டிக் கதவுல கையால எழுதின எழுத்து ஒண்ணு இருக்கு. அவங்க பண்ணை பேரும் ஊர் பேரும். எழுதினது பெரியவரோட மனைவி. இறந்து ஒன்பது வருஷம் ஆச்சு. கேபினுக்கு மறுபடி பெயிண்ட் அடிச்சோம், ஆனா அந்த ரெண்டு கதவை மட்டும் தொடலை. வெளுத்துப்போய், ஒரு எழுத்து பாதி அழிஞ்சு, அப்படியேதான் இருக்கு. டீ குடிக்க வர்ற கோஷ்டியில ஒருத்தர், "புதுசா எழுதினா எடுப்பா இருக்குமே"ன்னார். பெரியவர் டீயை மட்டும் ஊத்தினார்.

இப்போ கணக்கு. என்னோட ஒரே திறமை அதுதானே? முதல் நாள்ல இருந்து நோட்டுப் போட்டு எழுதினேன். தேதி, என்ன வேலை, என்ன வாங்கினோம், எவ்வளவு. டீசல் ஊத்தினாக்கூட எழுதிருவேன். மொத்தச் செலவு 11,460 டாலர். வண்டியைப் பார்த்த ஒருத்தர் 7,000 தர்றேன்னார். எங்க ரெண்டு பேரோட கூலியைச் சேர்க்காமலே 4,460 நஷ்டம். போட்ட காசைப் பார்க்காதே, இனிமே வரப்போறதை மட்டும் பார்த்து முடிவெடுன்னு பாடத்துல சொல்றாங்க. அந்தப் பாடத்துப்படி பார்த்தா, எட்டாவது மாசமே வண்டியை எடைக்குப் போட்டிருக்கணும்.

எடைக்குப் போடுறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். எங்க அப்பாகிட்ட ஒரு லாரி இருந்துச்சு. ஒரே ஒரு லாரி, பத்து வீல். பத்தொன்பது வருஷம் ஓட்டினார். முன்னாடி நெத்தியில என் ஆத்தா பேரு எழுதியிருக்கும் (எங்க பக்கம் அப்பாவைப் பெத்தவங்களை ஆத்தாம்போம்). கொரோனாவுல சரக்கு இல்லாம மாசக்கணக்குல நின்னு, இன்சூரன்ஸ், எஃப்.சி., வட்டின்னு கழுத்தை நெரிச்சு, 2021ல உடைக்கிறவங்ககிட்ட குடுத்துட்டார். நான் ரொம்ப வருத்தப்பட்டேன். அவர் சாப்பிட்டுக்கிட்டே, "இரும்புதான கண்ணு"ன்னார். அவ்வளவுதான். எனக்கு அந்தச் சொல் மேல ஒரு கோவமே இருந்துச்சு.

அவர் எனக்குப் போட்ட ஒரே கட்டளை, "என்ற கை மாதிரி உன்ற கையில கிரீஸ் படக்கூடாது"ங்கிறதுதான். அதுக்குத்தான் கடன் வாங்கி இங்க அனுப்பி வெச்சார். அதனால இந்த லாரி சமாச்சாரத்தை வீட்ல மூச்சு விடலை. சனிக்கிழமை போன் வந்தா லைப்ரரி. ஒன்றரை வருஷத்துல நான் போன லைப்ரரியைக் கட்டடமா கட்டினா ஏழு மாடி வரும்.

மாட்டினது எப்படின்னா, வண்டி ஸ்டார்ட் ஆச்சு. ஆனா நிக்க ஆரம்பிச்சுது. பத்து நிமிஷம் ஓடும், அப்புறம் சத்தம் ஏறி ஏறி இறங்கி அடங்கிரும். ஃபில்டர்ல ஸ்க்ரூவைத் தளர்த்தி ஏர் எடுத்தா மறுபடி ஓடும், மறுபடி நிக்கும். ஃபில்டர் மாத்தினோம், லிஃப்ட் பம்ப்புக்கு டயஃப்ரம் மாத்தினோம், வாஷர் பூரா மாத்தினோம். ஒரு சொட்டு டீசல் எங்கேயும் ஒழுகலை. ஒரு மாசம் ஓடிப்போச்சு. பெரியவர் முதல் தடவையா, "போதும் விட்டுரலாம், என் பசங்க யாருக்கும் இது வேண்டாம்"னார். அன்னிக்கு அவருக்குக் கை ரொம்ப நடுங்கிக்கிட்டு இருந்துச்சு. ஸ்பேனர் ரெண்டு தடவை கீழே விழுந்துச்சு.

நான் வெளியே வந்து அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

"என்ன கண்ணு, லைப்ரரில டீசல் வண்டி ஓடுது?"

எல்லாத்தையும் கொட்டிட்டேன். அப்பா திட்டலை. போனை எஞ்சின்கிட்ட கொண்டு போகச் சொன்னார். ஸ்டார்ட் பண்ணி, அது நிக்கிற வரைக்கும் கண்ணை மூடிக் கேட்டார்.

"காத்து வாங்குது. வெளிய ஒழுகுனா கண்ணுல தெரியும். பம்ப்பு உறிஞ்சற பக்கம் ஓட்டை இருந்தா டீசல் வெளிய வராது, காத்துதான் உள்ள போவும். நிக்கறப்ப டேங்க்குல எத்தன டீசல் இருந்துச்சு?"

"தெரியலீங்கப்பா."

"எழுதி வெக்கலயா?"

எழுதி வெச்சிருந்தேனே! நோட்டைப் புரட்டினேன். கேன்ல டீசல் ஊத்தின அன்னிக்கெல்லாம் வண்டி நல்லா ஓடியிருக்கு. அடுத்த ஒண்ணு ரெண்டு தடவையும் ஓடியிருக்கு. அப்புறம் நின்னுருக்கு. மறுபடி ஊத்தினா ஓடியிருக்கு. நாலு தடவை இதே மாதிரி. ஒரு மாசமா விடை என் கையெழுத்துலயே இருந்திருக்கு, செலவைக் கூட்டத் தெரிஞ்ச எனக்கு அதைப் படிக்கத் தெரியலை.

"டேங்க்குக்குள்ள எறங்கற குழாயைக் கழட்டிப் பாரு. பாதியில ஓட்டை இருக்கும். டீசல் அதுக்கு மேல நின்னா ஓடும், கீழ எறங்குனா காத்து வாங்கும்."

கழட்டினோம். குழாய்க்கு நடுவுல, துரு அரிச்சு, குண்டூசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை. பெரியவர் அதை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துட்டு ஒரு நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம் போனை வாங்கி அப்பாகிட்ட இங்கிலீஷ்ல ஏதோ சொன்னார், அப்பா தமிழ்ல பதில் சொன்னார். நான் மொழிபெயர்க்கப் போனேன், ரெண்டு பேருமே என்னைக் கண்டுக்கலை. பெரியவர் குழாயைக் காட்டுறார், அப்பா தலையை ஆட்டுறார். அப்புறம் பெரியவர் போனைக் கதவுகிட்ட கொண்டு போய் அந்த எழுத்தைக் காட்டி, "என் மனைவி எழுதினது"ன்னார். அதை மட்டும் நான் தமிழ்ல சொன்னேன்.

அப்பா ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சுப் போனார். போன்ல ரொம்ப நேரம் வெறும் சுவர்தான் தெரிஞ்சுது. பரண் மேல ஏதோ இழுக்கிற சத்தம். திரும்பி வந்து ஒரு துண்டைப் பிரிச்சார். உள்ளே ஒரு பலகை. எங்க லாரி நெத்தியில இருந்த பலகை. மஞ்சள்ல சிவப்பு எழுத்து, என் ஆத்தா பேரு. வண்டியைக் குடுக்கிறதுக்கு முந்தின ராத்திரி அவரே ஸ்க்ரூவைக் கழட்டி எடுத்து வெச்சிருக்கார். அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

"இரும்புதான"ன்னு சொன்ன மனுஷன்.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகமா நடந்துச்சு. புதுக் குழாய் வளைச்சுப் போட்டோம். விக்டோரியாவுல 25 வருஷத்துக்கு மேல பழசான வண்டிக்கு கிளப் பெர்மிட்னு ஒண்ணு குடுப்பாங்க. வருஷத்துக்கு 45 நாள் இல்லைன்னா 90 நாள் ஓட்டலாம், ஓட்டுற ஒவ்வொரு நாளையும் லாக் புக்ல எழுதணும். தகுதிச் சான்றிதழ் வாங்கி, பெர்மிட் வாங்கி, போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அந்த எல்ம் மரப் பந்தலுக்குள்ள வண்டியை விட்டோம். என் கார் லைசென்ஸ் 4.5 டன் வரைக்கும்தான், அதனால நான் பக்கத்து சீட். ஓட்டினது பெரியவர். நான் அவர் கையையே பார்த்துக்கிட்டு வந்தேன். அந்த ஸ்டீயரிங்கே கிடுகிடுன்னு ஆடுற ஸ்டீயரிங். எது அவர் நடுக்கம், எது வண்டி நடுக்கம்னு சொல்லவே முடியலை. நான் வேலை பார்த்த பழக்கடை வந்தப்போ ஹாரன் அடிச்சார். லாக் புக்ல முதல் வரியை என்னை எழுதச் சொன்னார்.

அடுத்து அவருக்கு ஒரு ஆசை இருக்கு. 'கிராலின் த ஹியூம்'னு பழைய லாரிக்காரங்க நடத்துற ஒரு பயணம். மெல்பர்ன்ல இருந்து வடக்கே அல்பரி வரைக்கும், பழைய ஹியூம் ரோடு மிச்சம் இருக்கிற இடமெல்லாம் புகுந்து ஊர்ந்து போவாங்க. சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் நடுவுல ஹியூம் முழுசும் இரட்டைச் சாலையா மாறினது 2013ல. பழைய ரோடு இப்போ ஊருக்குள்ள துண்டு துண்டாத்தான் கிடக்கு. அவர் கை அதுவரைக்கும் ஒத்துழைக்குமான்னு தெரியாது. அதனால நான் லாரி லைசென்ஸுக்குப் படிக்க ஆரம்பிச்சிருக்கேன். அப்பாகிட்ட கேட்டேன். "எடு கண்ணு"ன்னுட்டார்.

நஷ்டம் 4,460 டாலர். இன்னும் அதே கணக்குதான், ஒரு சென்ட் குறையலை. பொழுதுபோக்குக்குப் போட்ட காசு திரும்ப வரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, வராது. ஆனா ஓட்டை எங்கே இருக்குன்னு அந்த நோட்டுதான் சொல்லுச்சு. எங்க அப்பாகிட்ட அதை எப்படிப் படிக்கணும்னு ஒரு படிப்பு இருந்துச்சு. அந்தப் படிப்பையும் நாங்க 2021ல லாரியோட சேர்த்து எடைக்குப் போட்டுட்டோம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். இல்லை, அதுவும் பரண்லதான் இருந்திருக்கு.

இப்பல்லாம் சனிக்கிழமை போன் வந்தா அப்பா கேக்கிற முதல் கேள்வி, "இன்னைக்கு என்ன வேல?" நோட்டை எடுத்து வாசிச்சுக் காட்டுறேன்.

சரி, நாளைக்கு ஆடிட்டிங் அசைன்மென்ட் குடுக்கணும். இன்னும் ஒரு வரி எழுதலை. முதல்ல போய் கையைக் கழுவிட்டு வர்றேன்.

பி.கு: ஜே6 ஹெட்லைட் வளையம், இடது பக்கம். யார் வீட்டு மரத்தடியிலாவது கிடந்தா சொல்லுங்க. விலை பேசிக்கலாம், நோட்டுல எழுதிக்கிறேன் :)